நான் கமிஷன் பேரம் பேசிய ஞாயிற்றுக்கிழமை

கணக்கில் நான் எப்போதுமே மோசமில்லை. ஆனால் என் வாழ்க்கையில் நான் போட்ட மிகப் பெரிய கணக்கைக் கொரட்டூரில் எங்கள் தெருவே கூடிநின்று பார்த்துச் சிரித்தது. அதை மறைத்துப் பயனில்லை. நான் சொல்லாவிட்டாலும் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

அறுபதுகளின் கடைசி. அவர் மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆர்டர் இல்லை என்று மூன்று மாதமாகப் பாதிச் சம்பளம். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். தெருவில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் படித்துச் சொல்வதும், மணியார்டர் பாரம் நிரப்பித் தருவதும் என் வேலை. (சம்பளம் கிடையாது. சில நாள் முருங்கைக்காய் வரும்.)

அப்படிப் பாரம் நிரப்பும்போதுதான் சுந்தரேசன் என்னைப் பார்த்தார். டெவலப்மென்ட் ஆபீசர். ஆயுள் காப்பீட்டுக்கு ஏஜென்ட் தேடி ஊர் ஊராகப் போகிறவர். ஸ்கூட்டர், கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

“உங்க கையெழுத்துக்கே பாலிசி எடுப்பாங்கம்மா. ஒருத்தரைச் சேர்த்துவிட்டா, அவர் முதல் வருஷம் கட்டற பணத்துல கால் பங்கு வரைக்கும் உங்களுக்கு” என்றார்.

கால் பங்கு! அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

அடுத்த வாரம் தபாலாபீஸ் வாசலில் ஞானப்பிரகாசம் என்று இன்னொரு காப்பீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். இவருக்குச் சைக்கிள்தான். ஆனால் இவர் சொன்னது என்னை அப்படியே நிற்கவைத்துவிட்டது.

“ஒரு தடவை ஆளைச் சேர்த்துட்டா போதும்மா. அவர் பணம் கட்டற வரைக்கும் வருஷா வருஷம் உங்களுக்குக் கமிஷன் வரும். நீங்க தூங்கினாலும் வரும்.”

தூங்கினாலும் வருமா! எங்கள் வீட்டில் கண் அயர்ந்தால் பால்தான் பொங்கி வழியும். பத்து வருஷம் முன்னால் பேசிய பேச்சுக்கு இன்று கூலி வரும் என்றால், அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மனிதர்கள்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அன்று மாலை ஏரிக்கரையில் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிதாக ஒன்றை அன்றுதான் கேள்விப்பட்டிருந்தேன்.

சரி, எந்தக் கம்பெனியில் சேர்வது? (நாட்டில் இருந்ததே ஒரு கம்பெனிதான். அதை யாரிடமாவது கேட்டிருக்கலாம். எல்லாம் தெரிந்தவள் யாரைக் கேட்பாள்?) கோடு போட்ட தாளில் இரண்டு பத்தி பிரித்து, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி மதிப்பெண் போட்டேன். கால் பங்குக்கு முப்பது. ஆயுசுக்கும் வருவதற்கு முப்பத்தைந்து. ஸ்கூட்டருக்கு ஐந்து. சைக்கிள்காரரின் பணிவுக்கு ஐந்து. கூட்டினால் கிட்டத்தட்டச் சமம். ஆகவே பேரம் பேசத் துணிந்தேன்.

சுந்தரேசன் மறுபடி வந்தபோது, “இன்னொரு இடத்துல ஆயுசுக்கும் தர்றாங்களாமே சார்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டார். “உங்களுக்காக மேனேஜர்கிட்ட சண்டை போட்டாவது வாங்கித் தர்றேன்.”

ஞானப்பிரகாசத்திடம் கால் பங்கைக் கேட்டேன். அவர் தயங்கி, “சரிம்மா, தந்துடலாம். வெளியில சொல்லிக்காதீங்க” என்றார்.

வெளியில் சொல்லாமல் எப்படி இருப்பது? குழாயடியில் மொத்தமும் சொன்னேன். இரண்டு கம்பெனி எனக்காக மோதுகிறது என்று பேச்சாகிவிட்டது. எதிர்வீட்டுக் காந்தா, சேலைக்காரனிடம் பேரம் பேச என்னைக் கூட்டிப்போனாள். அவனும் பயந்து இரண்டு ரூபாய் குறைத்தான். எனக்கே என்னைப் பார்த்தால் மலைப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முடிவு. சுந்தரேசன் பத்து மணிக்கு, ஞானப்பிரகாசம் பதினோரு மணிக்கு. என் வெற்றியைப் பார்க்கக் காந்தாவும் மற்ற பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். பத்து மணிக்கு யாரும் வரவில்லை. பத்தரைக்கும் இல்லை. பதினோரு மணிக்குத் தெருமுனையில் சுந்தரேசன் தெரிந்தார். ஏரிக்கரையில் டயர் பஞ்சராகி, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கையில் சைக்கிளைப் பிடித்தபடி மறு கையால் அந்த ஸ்கூட்டரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தவர் ஞானப்பிரகாசம்.

என் கண் கலங்கிவிட்டது. போட்டிக் கம்பெனிக்காரனுக்கு உதவுகிற மனசு! அவருக்குப் பணிவில் இன்னும் ஐந்து மதிப்பெண் கூட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

வாசலில் சுந்தரேசன், “வரேம்ப்பா, இந்த வீடுதான்” என்றார்.

“எனக்கும் இந்த வீடுதான்” என்றார் ஞானப்பிரகாசம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, தாளைப் பிரித்து, “இரண்டு கம்பெனிகளுக்கும் என் வணக்கம்” என்று உரக்க வாசிக்கத் தொடங்கினேன். ஸ்கூட்டருக்கு ஐந்து என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“சார், நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே தெரிஞ்சவங்களா?”

“ஒரே ஆபீஸ்தாங்க” என்றார் ஞானப்பிரகாசம், தரையைப் பார்த்தபடி. “இவர் எனக்குப் பக்கத்து மேஜை.”

பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். முதல் வருஷத்துக் கால் பங்கும் இருந்தது, வருஷா வருஷம் வருவதும் இருந்தது. எல்லா ஏஜென்டுக்கும் அதே கமிஷன்தான். “இதை நாங்க கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாதும்மா. மன்னிச்சுக்குங்க.”

“அப்போ மேனேஜர்கிட்ட சண்டை போட்டது?” என்று சுந்தரேசனைக் கேட்டேன். அவர் மறுபடி மேலே பார்த்தார். எங்கள் வீட்டு ஓட்டில் பார்க்க ஒன்றுமில்லை.

“இன்னா சரசு, நீ அடிச்ச பேரம் புக்குலயே அச்சடிச்சு கீதா?” என்றாள் காந்தா. அவ்வளவுதான். வாசலில் தொடங்கிய சிரிப்பு தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தது. தாளை மடித்தேன். நான்காக, எட்டாக, இனி மடிக்க முடியாது என்கிறவரை மடித்தேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“இவ ஆள் சேத்தா உங்களுக்கு இன்னா சார் கெடைக்கும்?”

இருவரும் ஒரே நேரத்தில் காப்பி குடித்தார்கள். “எங்க வேலையே ஏஜென்டுங்க கொண்டாற பிசினஸை வெச்சுத்தான்” என்றார் ஞானப்பிரகாசம் கடைசியில்.

“அப்ப நாங்கதான் உங்களுக்கு வோணும். சரி, ரேட்டு ஒண்ணுதான். வெயில்ல இவகூட ஊடு ஊடா யார் நடப்பீங்க? அத்த சொல்லுங்க.”

என் தாளில் அந்தக் கேள்வியே இல்லை. முப்பது, முப்பத்தைந்து என்று போட்ட நான், லேத்தில் இரும்பு கடைகிற மனிதரை வாய் பிளந்து பார்த்தேன்.

சுந்தரேசன் தன் பளபளக்கும் ஷூவைப் பார்த்தார். ஞானப்பிரகாசம், “நான் வர்றேன். முதல் பத்து வீட்டுக்கு” என்றார். பத்து என்றவர் இருபத்தேழு வீட்டுக்கு வந்தார். அயனம்பாக்கத்தில் நாய் துரத்தியபோதும் புத்தகத்தைக் கீழே போடவில்லை.

முதல் பாலிசி எடுத்தது காந்தாவின் கணவர். (சிரித்ததற்கு அபராதம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன்.) அடுத்த வருஷம் ஒரு பகலில், மாவாட்டிக்கொண்டிருந்தபோது தபால்காரர் கமிஷன் வந்த உறையைக் கொடுத்தார். காந்தாவின் கணவர் இரண்டாம் வருஷப் பணத்தைக் கட்டியிருந்தார். அதற்காக நான் அன்று ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. மாவுக் கையோடு அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

முப்பத்திரண்டு வருஷம் ஏஜென்டாக இருந்துவிட்டேன். அதில் என் வீட்டுக்காரருக்கு நினைவிருப்பது அந்த ஒரு ஞாயிறுதான். போன மாதம் பேத்தி, இரண்டு கடைக்காரர்களை மோதவிட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு விலை குறைத்ததைப் பெருமையாகச் சொன்னாள். காது சரியாகக் கேட்காத அவருக்கு அது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது.

“விசாரிச்சியா கண்ணு? பக்கத்து மேஜையா இருக்கப் போவுது” என்றார்.

அவள் விசாரித்தாள். அண்ணன் தம்பியாம்.