மீசை கழன்ற புனிதர்

குடும்பத்தை ஒற்றுமைப்படுத்தியே தீருவேன் என்று யாராவது கிளம்பினால், அந்த வீட்டார் முதலில் சாயாப்பொடி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஒற்றுமை எத்தனை பேரோடு வந்து வாசலில் நிற்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் நான்கு பேருக்காகத் தொடங்கி முப்பது பேரில் போய் முடிந்தது. தொடங்கியவள் நான். இதைச் சொல்ல இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் தங்கை பிரின்சி சொல்வாள். அவள் வாயில் என் முட்டாள்தனம் இரண்டு மடங்காகிவிடும்.

2007. நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. உலகத்தின் எல்லாப் பிரச்சினைக்கும் என்னிடம் தீர்வு இருந்த வயது. மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்த அப்பா, "இனி போவல்ல" என்று சொல்லிப் பெட்டிகளோடு வந்து இறங்கியிருந்தார்.

அதுவரை அப்பா என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முப்பது நாள். அந்த முப்பது நாளும் வீட்டில் திருவிழா. அவர் முகம் பழகுவதற்குள் விமானம் ஏறிவிடுவார். இந்த முறை முப்பத்தோராம் நாளும் விடிந்தது. புட்டும் பயறும் எடுத்து வைத்த அம்மா, "இன்னும் இங்கயா இருக்கியரு?" என்பதுபோல அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்க வேண்டும். தான் வாங்கிக் கொடுத்த ஃபிரிட்ஜின் முன்னால் நின்று, "இதைத் தெறக்கலாமா?" என்று கேட்டார். அடுக்களை வாசலில் போய் நின்று, "என்னவாவது செய்யணுமா?" என்பார். "ஒண்ணும் வேண்டாம், நீங்க இரியுங்க" என்பாள் அம்மா. இருபத்திரண்டு வருஷம் ஒற்றையாளாக வீட்டை நடத்தியவளுக்கு, புதிதாக ஒரு கை எங்கே பொருந்தும் என்று தெரியவில்லை. அப்பா போய் வாசல் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்கால்களைச் சேர்த்து வைத்து, விசாவுக்குக் காத்திருப்பவரைப்போல உட்கார்ந்துகொள்வார்.

எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஒரு வார இதழில் 'குடும்பம் இணைந்திருக்கப் பத்து வழிகள்' என்று வந்தது. ஒன்பது வழிகளுக்குப் பேச வேண்டியிருந்தது. (எங்களுக்குப் பேச்சுதானே வராது.) பத்தாவது வழி, வாரம் ஒருமுறை எல்லாரும் சேர்ந்து வீட்டில் படம் பார்ப்பது. அப்பா கொண்டுவந்த டிவிடி பிளேயரும் ஐந்து ஸ்பீக்கரும் பெட்டி பிரிக்காமல் கட்டிலடியில் கிடந்தன. நான் சட்டம் போட்டேன். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நான்கு பேரும் ஹாலில் இருக்க வேண்டும். வாரம் ஒருவர் முறை வைத்துப் படம் சொல்ல வேண்டும்.

முதல் எதிர்ப்பு அம்மாவிடமிருந்து வந்தது. ஹாலில் இருந்தது ஒரே ஒரு பிளக். அதில்தான் திருஇருதய ஆண்டவர் படத்தின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிவி ஓட வேண்டுமானால் ஆண்டவர் அணைய வேண்டும். "இது வெளங்காது, கேட்டியா" என்றாள் அம்மா. பிறகு தானே போய்ச் சிலுவை போட்டுவிட்டு விளக்கைப் பிடுங்கினாள்.

முதல் வாரம் அம்மாவின் படம். அம்மா அழுதாள், அப்பா டைட்டில் முடிவதற்குள் உறங்கிவிட்டார். இரண்டாம் வாரம் பிரின்சியின் படம். முதல் சண்டைக்காட்சியில் அப்பா எழுந்து, "மோட்டாரை நிறுத்தினேனாண்ணு பாத்துற்று வாறேன்" என்று போனவர் சாயா நேரத்துக்குத்தான் வந்தார். மூன்றாம் வாரம் என் படம். விருதுப் படம். எல்லாரும் உறங்கினார்கள், நானும் உறங்கினேன். அப்பா மட்டும் மரியாதைக்கு விழித்திருந்தார்.

நான்காம் வாரம் அப்பாவின் முறை. "எதாவது போடு மக்கா" என்றே மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். புதன்கிழமை காலை நான் கல்லூரிக்குப் புறப்பட்டபோது கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

"மக்கா, ஒரு படம் உண்டும். கல்யாணம் முடிஞ்சு நாலாம் நாளு நானும் அம்மையும் மார்த்தாண்டத்தில போயி பாத்தது. பேரு ஓர்மையில்ல. அதுல ஒருத்தன் அரிசி மூட்டைக்குள்ள ஒளிஞ்சிருப்பான்."

அப்பா என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. அதற்காக நான் அரிசி மில்லையே தூக்கி வந்திருப்பேன். வியாழக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் களியக்காவிளைக்குப் போனேன். மூன்று கடைகளில் "அரிசி மூட்டை படம் இருக்கா?" என்று கேட்டு மூன்றிலும் சிரிப்பை வாங்கிக்கொண்டேன். நான்காவது கடைக்காரர் மட்டும் சிரிக்காமல், தூசி தட்டி இரண்டு சிடிக்களை எடுத்துக் கொடுத்தார்.

வெற்றிக்களிப்பில் ஊர் வந்து பஸ் இறங்கினேன். நிறுத்தத்தில் மரியசெல்வம் சார் நின்றார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், எங்கள் அன்பியத்தின் பொறுப்பாளர். (அன்பியம் என்றால் பக்கத்து வீடுகளில் உள்ள பங்கு மக்கள் சேர்ந்து, முறைவைத்து வீடு வீடாகக் கூடி ஜெபித்து, பைபிள் வாசித்து, மனதில் பட்டதைப் பகிர்ந்துகொள்வது. முறை வரும் வீட்டுக்காரர் சாயாவும் கடிக்கப் பலகாரமும் கொடுக்க வேண்டும்.) சார் என்னமோ சொன்னார். நான் "செரி சார், செரி சார்" என்று தலையாட்டினேன். மனமெல்லாம் மூட்டையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. விளக்கு அணைந்து படம் ஓடத் தொடங்கியது. பண்ணையார் மகளைக் காதலிக்கிற ஒருவன் அந்த வீட்டுக்குள் நுழையப் பாடுபடுகிறான். நான் படத்தைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உறங்கவில்லை! அரிசி மூட்டை வந்ததும் நாற்காலியை அரை அடி முன்னால் இழுத்துப் போட்டார். ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் நெஞ்சு நிறைந்துபோனது.

அப்போது கேட் திறக்கும் சத்தம். தொடர்ந்து செருப்புகள் கழற்றும் சத்தம். ஒரு ஜோடி, இரண்டு ஜோடி என்று நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. படத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னால் குறிப்பேட்டோடு மரியசெல்வம் சார், அடுத்து கன்னியர் மடத்து ஆக்னஸ் சிஸ்டர், அவர்களுக்குப் பின்னால் பைபிளும் பாட்டுப் புத்தகமுமாக இருபத்தைந்து பேராவது இருப்பார்கள். சார் வியாழக்கிழமை சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது: "ஞாயிறு மூணரைக்கு உங்க வீட்டுலயாக்கும் அன்பியம். அம்மாட்ட சொல்லீரு."

"ஏட்டி ஜெசி," அம்மாவின் குரல் இறங்கியது. "இன்னைக்கு நம்ம முறையா?"

"சார் சொன்னாரும்மா. நான் சொல்ல மறந்துற்றேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். சொந்தப் பிள்ளையாகப் போய்விட்டதே என்கிற பார்வை. பிறகு அடுக்களைக்குப் போய், சாயா போடப் பெரிய சருவப் பானையை இறக்கினாள்.

அதுகூடப் பரவாயில்லை. அப்பா எழுந்தார். முகத்திலிருந்த சிரிப்பைத் துடைத்துவிட்டுக் கைலியைச் சரிசெய்துகொண்டார். நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய் மறுபடியும் வாசல் பக்கத்தில் போட்டார். ஒரு மாதம் பாடுபட்டு அரை அடி நகர்த்திய நாற்காலி!

"ஓ, படம் பாக்கியளா?" என்றபடி உள்ளே வந்தார் சிஸ்டர். டிவியில் கதாநாயகன் அசையாமல் நின்றான். முழந்தாளில், இரு கைகளையும் கூப்பி, தலையில் துண்டு போட்டு, முகத்தில் ஜன்னல் வெளிச்சம் விழ, மேலே பார்த்துக்கொண்டிருந்தான். (உண்மையில் பண்ணையார் வீட்டுச் சமையல்காரரிடம், உம்ம இடத்தில் என்னை வையும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.) "ஜெபிக்கான் போலிருக்கே! என்ன படம் மக்களே?"

"ஒரு புனிதருக்க வரலாறு சிஸ்டர்" என்றேன்.

இந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. என் வாய் தானாகச் சொன்னது.

"எந்தப் புனிதர்?"

"பேரு… கடைசியிலதான் சொல்லுவாங்க சிஸ்டர்."

இவ்வளவோடு முடியும் என்று நினைத்தேன். மரியசெல்வம் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "கொள்ளாமே! இன்னைக்குப் பகிர்வுக்குப் பதில் இதையே பாத்துருவோம்" என்று சொல்லிக் குறிப்பேட்டைத் திறந்து, 'பகிர்வு: புனிதர் வரலாறு, திரைப்படம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். இருபத்தைந்து பேரும் பாய் விரித்துப் பக்தியோடு உட்கார்ந்தார்கள். அப்பா வாசலிலிருந்து என்னைப் பார்த்தார். பிரின்சி ரிமோட்டை என் கையில் வைத்து, "போடு" என்றாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போட்டேன். புனிதர் முழந்தாளிலிருந்து எழுந்து, சமையல்காரர் மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மதில் ஏறிக் குதித்தார்.

"இது மனம் மாறுகதுக்கு முன்ன" என்றேன்.

"செரிதான்" என்றார் சார். "புனித அகுஸ்தீனாரும் வாலிபத்துல இப்பிடித்தான்."

அடுத்து பண்ணையார் மகள் மழையில் நனைந்து ஆடத் தொடங்கினாள். "இது சோதனை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பெண்கள் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஆனால் யாரும் கண்ணை மூடவில்லை. வாசல் பக்கமிருந்து 'க்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. அப்பாவுக்கு இருமல் என்று நினைத்தேன்.

புனிதர் பெரிய மீசை ஒட்டிக்கொண்டு சமையல்காரராக வேஷம் போட்டு, பண்ணையாருக்குச் சாம்பார் ஊற்றக் குனிந்தார். முன்வரிசையில் லூர்து மாமி இருந்தாள். காது சுத்தமாகக் கேட்காது. அதனால் நான் சொன்ன விளக்கவுரை எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அவள் கையைத் தட்டிக் கூவினாள்: "எம்மா, இந்தப் படமா! நான் ரெண்டு மட்டம் பாத்துருக்கேன்! பாருங்க, இப்பம் மீசை சாம்பாருல விழும்!"

விழுந்தது.

பண்ணையார் இலையிலிருந்து மீசையை எடுத்து, முருங்கைக்காயென்று நினைத்துக் கடித்தார். வாசல் பக்கமிருந்து ஒரு வெடிச்சிரிப்பு கிளம்பியது. அப்படியொரு சிரிப்பு எங்கள் வீட்டில் அதற்கு முன் கேட்டதில்லை. அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார். இருமல் என்று நான் நினைத்ததும் இதுதான். இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருக்கிறார். பிறகு சாரும் பாய்களில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

சிஸ்டர் என் காதைப் பிடித்தார். "எனக்கு அப்பமே தெரியும் மக்களே. எந்தப் புனிதரு நெத்தியில முடி சுருட்டி விட்டுருக்காரு? சொன்ன பொய்க்கு முழு ஜெபமாலை சொல்லணும்." கொஞ்சம் நிறுத்தி, "படம் முடிஞ்ச பொறவு. இப்பம் ரெண்டாவது சிடியைப் போடு" என்றார்.

இரண்டாவது சிடி ஐந்தாம் நிமிஷத்தில் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. துடைத்துப் போட்டேன், ஊதிப் போட்டேன். அசையவில்லை. "பொறவு என்னாச்சு?" என்று எல்லாரும் லூர்து மாமியைப் பார்த்தார்கள். அதற்குள் அப்பா எழுந்து டிவிக்கு முன்னால் வந்து நின்றார்.

"பொறவு…" என்று தொடங்கினார். எங்களிடம் சேர்ந்தாற்போல ஐந்து வாக்கியம் பேசாத அப்பா, இருபத்தைந்து பேருக்கு முன்னால் பண்ணையாராக உறுமினார், கதாநாயகனாக ஓடினார், மீசையாகக்கூட ஒருமுறை விழுந்தார். லூர்து மாமி மட்டும், "இது ஒண்ணும் அந்தப் படத்துல வராதே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் முடிஞ்சி அவன் வெளிநாட்டுக்குப் போனான்" என்றார் அப்பா. குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஒருபாடு வருசம் கழிச்சி வந்தான். வந்து அவகிட்ட கேட்டான், எனக்குச் சமையல் தெரியும், நானும் அடுக்களையில நிக்கட்டாண்ணு."

சாயாத் தட்டோடு அடுக்களை வாசலில் நின்ற அம்மா கேட்டாள்: "அவ என்ன சொன்னா?"

"அது தெரியாதே. நாம அன்னைக்கு இடைவேளையில எழும்பி வந்துற்றோம்லா, கடைசி பஸ்ஸுக்கு."

அம்மா கையிலிருந்த தட்டை முன்வரிசையில் நீட்டிக் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"பேசீட்டு நிக்காம வாருங்க. சாயா ஆறுகு. உள்ள இன்னொரு தட்டு இருக்கு, எடுங்க."

அப்பா அடுக்களைக்குள் போனார். முப்பது பேருக்கும் சாயா கொடுத்து முடித்த பிறகும் வெளியே வரவில்லை. உள்ளே இருவரும் எந்த டம்ளர் யாருடையது என்று சண்டை போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் திருஇருதய ஆண்டவரின் விளக்கை மாட்டிவிட்டு, முழந்தாளில் நின்று சந்தோஷமாக ஜெபமாலை சொன்னேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் படத்துக்குப் படம் என்று பெயர் கிடையாது. புனிதர்தான். "இந்த ஞாயிறு எந்தப் புனிதர்?" என்றுதான் அப்பா கேட்பார். ஐந்து வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. என் கணவர் திண்டுக்கல்காரர், அமைதியானவர். மறுவீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா சாதாரணமாக, "மருமவனே, மூணு மணிக்குப் புனிதர் உண்டும், வந்துருங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்று மணிக்கு அவர் குளித்து, வெள்ளை வேட்டி சட்டை போட்டு, கையில் ஜெபமாலையோடு ஹாலுக்கு வந்து நின்றார்.

பிரின்சி பாயில் விழுந்து உருண்டாள். அடுக்களையிலிருந்து பழம்பொரித் தட்டோடு வந்த அப்பா, மருமகனை மேலும் கீழும் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு சோபாவின் நடுவில் உட்கார்ந்து, பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"இஞ்ச இரியும் மருமவனே. ஜெபமாலையைப் பாக்கெட்டுல போடும். இந்தப் புனிதருக்கு மீசை கழண்டு விழும்."