தையல்காரர் வீட்டு முற்றம் ரோடான விவகாரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே அனைவரும் நலம். உங்கள் நலத்தையும், மகளின் நலத்தையும், பேத்திக்கு ஆடிக்கொண்டிருக்கும் முன்பல்லின் நலத்தையும் அறிய ஆவல். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்குக் கோபம் வரும், உங்கள் மாமியார் போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன்.

கிடங்கு வேலையிலிருந்து ஓய்வுபெற்று வந்து நான் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் ஒட்ட ஆரம்பித்ததும், இந்த மனுஷனை இப்படியே விட்டால் மாமியார் உங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிடுவாள் என்று பயந்து நீங்கள்தான் அந்த இணைய வரைபடத்தைக் காட்டினீர்கள். யார் வேண்டுமானாலும் வரையலாம், சம்பளம் கிடையாது, தெரிந்தவர் சேர்த்து வைத்தால் தெரியாதவருக்கு வழி கிடைக்கும் என்றீர்கள். மேலேயிருந்து எடுத்த படத்தின் மீது புள்ளி புள்ளியாக வைத்து முதலில் நம் வீட்டை வரைந்தேன். அது பாதி எதிர்வீட்டுக்குள் நுழைந்திருந்தது. யாரோ முகம் தெரியாத புண்ணியவான் அதை நகர்த்தி வைத்து, 'நல்ல தொடக்கம், வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார். என் உத்தியோக காலத்தில் ஒரு மேலதிகாரிகூட எனக்கு அப்படி எழுதியதில்லை மாப்பிள்ளை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தபால் பெட்டி, பெஞ்சு, தெருக்குழாய் எதையும் விட்டுவைக்கவில்லை.

அந்த வேகத்தில்தான் பின்வீட்டுத் தையல்காரர் விஷயத்தில் கைவைத்தேன். அவர் முற்றம் வழியாகத்தான் நான் தினமும் பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்கே போவேன். என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்துவார், ஒரு டீ, கொஞ்சம் ஊர்வம்பு. அந்தப் பாதையையும் வரைந்துவிட்டேன். அதில் யாரெல்லாம் போகலாம் என்று கேட்க ஒரு கட்டம் இருக்கிறது. என்னை யாரும் தடுத்ததில்லையே, அதில் என்ன எழுதுவது என்று காலியாக விட்டேன். காலியாக விட்டால் எல்லோரும் போகலாம் என்று அர்த்தமாம். அப்புறமென்ன, பார்சல் கொண்டுவருகிறவர்கள் பைக்கோடு முற்றத்தில் புகுந்துவிட்டார்கள். ஒருவர் கொடியில் கிடந்த போர்வையைத் தலையில் மாட்டிக்கொண்டே போனார். இன்னொருவர், பை கிழிந்திருக்கிறது என்று நின்று தைத்து வாங்கிக்கொண்டு, "இது ரோடுங்க, போன்லயே போட்டிருக்கு" என்று வீட்டுக்காரரிடமே வாதாடினார்.

தையல்காரர் என்னிடம் வந்தார். வரைந்தது நான்தான் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. "நான் உன்னத்தானேய்யா விட்டேன், ஊரையா விட்டேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் கேட்டில் பூட்டுத் தொங்குகிறது.

உடனே அந்தக் கட்டத்தில் 'தனியார்' என்று திருத்திவிட்டேன். பைக்குகளும் நின்றுவிட்டன. ஆனால் மனசு ஆறவில்லை. 'எல்லோருக்கும்' என்று குறிக்க இடமிருக்கிறது, 'ஒருவருக்கும் இல்லை' என்று குறிக்கவும் இடமிருக்கிறது. ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்குப் பிரியப்பட்டு வழிவிடுவது இரண்டிலும் சேராது. அதை நான் பாதை என்று நினைத்துவிட்டேன். இப்போது மெயின்ரோட்டைச் சுற்றிப் போகிறேன். கடையில் தனியாக நின்று டீ குடிக்கிறேன், அது டீயாகவே இல்லை. அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் தெரியவில்லை. ஆகவே அந்த வரைபடத்தில் என் கணக்கை மூடிவிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இனி டப்பாக்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மகளுக்கும் தங்களுக்கும் எங்கள் ஆசிகள். பேத்தியின் பல்லுக்குத் தனியாக ஒரு முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தையல்காரர் மெயின்ரோட்டைச் சுற்றிக்கொண்டு மூச்சுவாங்க வந்து நிற்கிறார்.

"ஏன்யா, ஆளையே காணோம்?"

"கேட்டைத்தான் பூட்டிட்டியே."

"அது பூட்டவே இல்லைய்யா, வெளிப்பக்கமா சும்மா மாட்டி வச்சிருக்கேன், வெளியாளுங்க பாத்துட்டுத் திரும்பிப் போகட்டும்னு. நீ வந்து இழுத்துப் பாப்பேன்னு நான் தெனமும் ரெண்டு டீ போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

கணக்கை மூட வேண்டாம் மாப்பிள்ளை. வரைபடத்தில் 'தனியார்' என்பது அப்படியே இருக்கட்டும். அந்தப் பூட்டைப் பற்றி மட்டும் உங்களைத் தவிர நான் யாருக்கும் எழுதப்போவதில்லை. நீங்களும் வெளியே சொல்ல வேண்டாம்.