களவாவுடன் குடித்தனம்

சிங்க மீனைக் காணவில்லை.

ரத்தினவேல் தொட்டியை மூன்று முறை சுற்றி வந்தார். பன்னிரண்டு அடி நீளம், நாலடி உயரம், ஆபீஸ் வரவேற்பறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற கண்ணாடித் தொட்டி. சனிக்கிழமை மாலை அதில் ஆறு மீன்கள் இருந்தன. திங்கட்கிழமை காலை ஐந்து. எத்தனை தரம் எண்ணினாலும் ஐந்துதான்.

"காத்தவராயா, சிங்க மீன் எங்கப்பா?"

பியூன் காத்தவராயன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தான்.

"அதோ இருக்குது சார்."

"எங்கே?"

"களவா வயித்துல."

பாறையோரம் களவா அசையாமல் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது. பந்தியில் மூன்றாம் முறை பாயசம் கேட்டு வாங்கியவரின் முகம் அதற்கு. வாயோரத்தில் சிங்க மீனின் முள் ஒன்று இன்னும் துருத்திக்கொண்டிருந்தது.

ரத்தினவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பரம்பரைச் சைவம். ஆனால் திருப்பிக்கொண்டது அதனால் மட்டும் அல்ல.

தில்லி லோதி ரோட்டிலிருந்த கடல்வளக் கழகத்தில் அவர் பதினோரு வருஷமாக கிளார்க். ஊர் ஆரணி. கடலை அவர் பார்த்திருப்பது மெரினாவில், சுண்டல் வாங்கப் போனபோது. அப்படிப்பட்டவர் மீன் வளர்க்கும்படி ஆனது சேர்மன் சட்டா சாகிப்பால். சாகிப் 1977 கடைசியில் டோக்கியோ போனார். அங்கே ஒரு ஓட்டல் வாசலில் உப்புநீர்த் தொட்டியைப் பார்த்தார். திரும்பி வந்ததும் நம் ஆபீசுக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

"கலர் கலரா குட்டி மீன் வேண்டாம். அதெல்லாம் பல் டாக்டர் வீட்டில் இருக்கும். எனக்கு வேட்டை மீன் வேணும். பல் இருக்கணும். பார்க்கிறவன் பயப்படணும். ரத்தினவேல், நீ பொறுக்கு. நீ மதராஸி, கடல்காரன்."

"சார், எங்க ஊர்லேருந்து கடல் எண்பது மைல்."

"இங்கேருந்து எண்ணூறு மைல். இந்த ஆபீஸில் நீதான் கிட்டே."

சாகிப் அடுத்து ஒன்று சொன்னார்.

"மார்ச் பதினைந்து ஜப்பான்காரர்கள் வருகிறார்கள். அன்றைக்கு ஆறு மீனும் உயிரோடு இருக்கணும். இருந்தால், உன் மதராஸ் டிரான்ஸ்பரில் அங்கேயே கையெழுத்து. அச்சா?"

ஏழு முறை விண்ணப்பித்து ஏழு முறையும் கிடைக்காத டிரான்ஸ்பர் அது. மதராஸ் கிளையில் ஒரே ஓர் இடம் காலி. அதை விட்டால் இன்னும் பத்து வருஷத்துக்குப் பேச்சில்லை. பெரம்பூரில் அம்மா, இரண்டு தம்பிகள், அவர்கள் குடும்பங்கள், ஒரே வீடு, ஒரே அடுப்பு. பக்கவாதம் வந்த அம்மா, பெரியவன் எப்போ வருவான், மருமகள் அம்சா கையால் எப்போ கஞ்சி குடிப்பேன் என்று கேட்டுக்கொண்டே இருப்பதாகத் தம்பி மாதம் ஒரு கடிதம் எழுதினான். அந்தக் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் ரத்தினவேலுக்குக் கண்ணில் நீர் முட்டும்.

அதனால் சைவ வயிற்றை அடக்கிக்கொண்டு மீன் படித்தார். கடலோர ஊரான மண்டபத்தில் மீன் ஆராய்ச்சியில் இருந்த சேஷு என்பவருக்கு எழுதி, எந்த மீன் எந்த மீனோடு ஒத்துப்போகும் என்று கேட்டார். நாலு பக்கம் பதில் வந்தது. வாய்க்குள் நுழையும் எதையும் வேட்டை மீன் விடாது, ஆகவே எல்லாம் ஒரே அளவில் வாங்கவும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடவும், முன்னால் வந்தது இடம் பிடித்துக்கொண்டு பின்னால் வந்ததை விரட்டும். ஆளுக்கொரு பொந்து வையுங்கள். வயிறு காயாமல் தீனி போடுங்கள்.

கடல் தண்ணீர் பம்பாயிலிருந்து ரயிலில் வந்தது. களவா, சிங்க மீன், சுறா, அஞ்சாலை, சங்கரா இரண்டு என்று ஆறு மீன்கள் பிராணவாயு அடைத்த பைகளில் விமானமேறி வந்தன. அளவு பார்த்து, பாறை அடுக்கி, பொந்து வைத்து, எல்லாம் ரத்தினவேலே செய்தார். தீனி மட்டும் அவரால் ஆகவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய பச்சை மீனைக் காத்தவராயன் துண்டு போட்டபோது ஒரே ஒரு தடவை பக்கத்தில் நின்றார். ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

"இனிமே தீனி உன் பொறுப்பு. எப்போ போடறே, என்ன போடறே, எதையும் என் காதுல போடாதே. நான் அந்த நேரத்துல இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"ஆவட்டும் சார்" என்றான் காத்தவராயன். ஜங்புரா பக்கம் மதராசி கேம்ப்பில் குடியிருந்தவன். சொன்னதைச் செய்பவன், ஏன் என்று கேட்காதவன். ரத்தினவேலுக்கு மதியச் சாப்பாட்டைத் தினமும் அவர் வீட்டிலிருந்து வாங்கி வருபவனும் அவனே.

அன்று சாயங்காலம் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் மனைவி அம்சவேணியிடம் சிங்க மீனின் மறைவைச் சொன்னார்.

"அடப்பாவமே" என்றாள் அவள். "பெரிசு சின்னதைத் தின்னும்னு தெரிஞ்சே ஏங்க ஒண்ணா போடறாங்க?"

"தொட்டி பெரிசு அம்சா. எல்லாருக்கும் இடம் இருக்கு."

"உங்க பெரம்பூர் வீடும் பெரிசுதான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் ரத்தினவேல் சந்தோஷமாக.

கல்யாணமான புதிதில் அம்சவேணி அந்த வீட்டில் நாலு வருஷம் இருந்திருக்கிறாள். நாற்பத்தைந்து கிலோவாகப் போனவள், தில்லிக்கு ரயிலேறும்போது முப்பத்தாறு கிலோ. ரத்தினவேல் அதை மதராஸ் தண்ணீரின் குற்றம் என்று இன்றுவரை நம்பிவந்தார்.

சிங்க மீன் சின்னதாகப் போனதுதான் தப்பு என்று முடிவுகட்டினார். களவாவின் வாய்க்குள் எந்தக் கோணத்திலும் நுழையாத கிளாத்தி மீன் ஒன்றை வரவழைத்தார். நல்ல தடிமன். அது வந்த மூன்றாம் நாள் சுறாவின் வாலைக் கடித்தது. நாலாம் நாள் ஒரு சங்கராவின் கண்ணைப் பிடுங்கியது. கண் போன சங்கரா வழி தெரியாமல் நேரே களவாவின் வாய்க்குள் போய்ச் சேர்ந்தது. அதற்குத் துணையாக இருந்த இன்னொரு சங்கராவை ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

"இடத் தகராறுதான்" என்றார் ரத்தினவேல். "பாறையை எல்லாம் கலைச்சு மாத்தி அடுக்கணும். யாருக்கும் பழைய இடம் இருக்கக் கூடாது. அப்போ எல்லாரும் புதுசு, எல்லாரும் சமம்."

கலைத்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பொந்துக்குள் சாதுவாகக் கிடந்த அஞ்சாலை, பாம்பு மாதிரி இருக்கும் அந்த மூன்றடி மீன், வீடிழந்த ஆத்திரத்தில் மேல்மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மறுநாள் காலை வரவேற்பாளர் மிஸ் பேடி வழக்கம்போல் வந்து நாற்காலியை இழுத்தாள். அதற்கடியில் அது கிடந்தது. அவள் போட்ட சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டது. அஞ்சாலை ஏற்கெனவே செத்திருந்தது. மிஸ் பேடி ஒரு மாத லீவில் போனாள்.

சாகிப் கூப்பிட்டார்.

"ரத்தினவேல், தொட்டியில் எத்தனை?"

"மூணு சார். களவா, கிளாத்தி, சுறா."

"ஆறு என்று சொன்னேன்."

"களவாவை மட்டும் எடுத்துடலாமா சார்? மத்ததெல்லாம் அதைப் பார்த்துத்தான்..."

"களவாவையா?" சாகிப் எழுந்தே விட்டார். "அதுதானே தொட்டியில் ஆம்பிளை! அதன் முகத்தைப் பார்த்தாயா? அதுதான் இந்தக் கழகம். அதைத் தொடாதே. மற்றதைச் சரி பண்ணு. ஜல்தி."

களவாவைத் தொடக் கூடாது. மற்றவை அதோடு வாழ வேண்டும். ரத்தினவேல் தூக்கத்தை இழந்தார். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, நடுவில் கண்ணாடித் தடுப்பு போட்டால் என்ன என்று யோசித்தார். அம்சவேணி ரசத்தை ஊற்றியபடி, "தடுப்பு வெச்சுட்டா அப்புறம் ஒரே தொட்டின்னு எதுக்குப் பேரு? தனித்தனியாவே வெச்சிடலாமே" என்றாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"ஆமா, எனக்கு என்ன புரியும்" என்று உள்ளே போய்விட்டாள்.

தடுப்பு போட்டார்கள். ஒரு பக்கம் களவா. மறுபக்கம் கிளாத்தியும் சுறாவும், கூடவே மார்ச் பத்தாம் தேதி விமானத்தில் வந்திறங்கிய மூன்று பெரிய சங்கராக்களும். கணக்கு ஆறு. ரத்தினவேல் தொட்டி முன்னால் நின்று கைகூப்பினார். பெரம்பூருக்கு, "இந்த முறை நிச்சயம். அம்மாவிடம் சொல்" என்று கார்டு எழுதிப் போட்டார்.

களவா தடுப்பில் மூக்கை வைத்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு முட்டத் தொடங்கியது. பகலெல்லாம் முட்டியது. டைப் அடிக்கும் சத்தத்துக்கு நடுவே வரவேற்பறையிலிருந்து 'டொம்... டொம்...' என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"என்னப்பா அதுக்கு இவ்வளவு வெறி?" என்றார் ரத்தினவேல்.

காத்தவராயன் தலையைச் சொறிந்தான். "அது... எதையும் உங்க காதுல போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே சார்."

"ஆமாம், போடாதே" என்று ரத்தினவேல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்.

பன்னிரண்டாம் தேதி ஞாயிறு. பதின்மூன்றாம் தேதி காலை, தடுப்பு சாய்ந்து கிடந்தது. தண்ணீர் கலங்கியிருந்தது. கிளாத்தி, எப்போதும் சண்டைக்கு நிற்கும் அந்தக் கிளாத்தி, பாதி உடம்போடு மிதந்தது. சங்கரா ஒன்றும் இல்லை. சுறாவின் வால் மட்டும் மணலில் கிடந்தது. நடுவில் களவா, தன்னந்தனியாக.

புது மீன் வரவழைக்க நேரமில்லை.

பதினைந்தாம் தேதி ஜப்பான்காரர்கள் ஐந்து பேர் வந்து தொட்டி முன்னால் வரிசையாக நின்றார்கள். அவர்களில் பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு மீனுக்கு இத்தனை பெரிய இடமா என்று வியக்கிறார். அவர் ஊரில் இந்த அளவு இடத்தில் ஒரு குடும்பம் இருக்குமாம்."

சாகிப் சிரித்தார். அந்தச் சிரிப்பு ரத்தினவேல் பக்கம் திரும்பியபோது சிரிப்பாக இல்லை.

மாலை நாலு மணிக்கு அறைக்குள் கூப்பிட்டு, மதராஸ் இடத்துக்கு வேறொருவர் பெயரை எழுதிவிட்டதாகச் சொன்னார்.

"ஆறு மீனை ஒற்றுமையாக வைக்கத் தெரியவில்லை. மதராஸில் பதினெட்டு ஆள் இருக்கிறார்கள். அங்கே போய் நீ என்ன கிழிப்பாய்?"

ரத்தினவேல் மாடிப்படித் திருப்பத்தில் நின்று அழுதார். ஐம்பது வயதை நெருங்கும் மனிதர், மீனுக்காக அழுகிறார் என்று இறங்கிப்போனவர்கள் நினைத்தார்கள். அம்மாவின் முகம்தான் அவர் கண்ணில் நின்றது. இனி அவளை உயிரோடு ஒரு தடவையோ இரண்டு தடவையோ லீவில் போய்ப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

வீட்டில் அம்சவேணி அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் செய்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

"விடுங்க. உங்க மேல தப்பு இல்ல" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. இப்படி ஒருத்தி இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று ரத்தினவேல் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஆபீசுக்கு வந்ததும் மேஜையிலிருந்த மீன் ஃபைலை எடுத்துக் கட்டினார். காத்தவராயன் எதிரே வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"நீயாவது மனசோட உழைச்சே காத்தவராயா" என்றார் ரத்தினவேல். "ரெண்டு மாசம் உனக்கும் அலைச்சல். என்னப்பா வேணும், சொல்லு."

"ஜப்பான்காரங்கதான் வந்துட்டுப் போயிட்டாங்களே சார், இனிமேலாச்சும் அந்தக் களவாவுக்குத் தீனி போடலாமான்னு வீட்டம்மாவ ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க. சாப்பாட்டு கேரியரைக் கையில குடுக்கும்போதெல்லாம், மீனுங்களுக்கு ஒண்ணும் போடாதே, இது சார் உத்தரவு, வாங்கினதை உன் புள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போன்னு அவங்கதானே சார் ரெண்டு மாசமா சொல்லி அனுப்பறாங்க."