மாப்பிள்ளைக்கு ஒரு மடக்குக் கீபோர்டு

"கட்டைவிரல் வீங்கிடுச்சு. இனிமே போன்ல ஒரு எழுத்து கூட அடிக்க முடியாது" என்று காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை அறிவித்தார். அன்றைக்கு அவர் அடித்திருந்தது ஒன்பது சொற்கள். அதில் நாலு, நாவலின் தலைப்பு.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி விரலைப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"அப்ப ரெண்டுமே வீங்கியிருக்கு."

நாவல் எழுதப் போகிறேன் என்று பார்த்த வேலையை விட்டுவிட்டு, மாமனார் வீட்டு மாடியறையில் அவர் வந்து உட்கார்ந்து நாலரை மாதம் ஆகிறது. ஒரு பதிப்பகம் நாவல் போட்டி வைத்திருந்தது. அடுத்த மாதம் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. மாமனார் பெயின்ட் கடைக்காரர், நறுக்கென்று பேசுகிற ஆள். "முப்பதாம் தேதிக்குள்ள நாவல் போகலைன்னா, ஒண்ணாம் தேதி கடைக்கு வந்துடுங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டார்.

பெயின்ட் வாசனை பட்டாலே மாப்பிள்ளைக்குத் தலை சுற்றும். ஆனால் பயம் அதனால் இல்லை. எழுத்தாளர் என்று ஒரே ஒரு ஆளாவது, ஒரே ஒரு தடவையாவது தன்னைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று அவருக்கு உண்மையிலேயே ஆசை. அந்த ஆசையில் பாதியளவு எழுத்தில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"லேப்டாப்தான் இருக்கே?" என்றாள் மனைவி.

"அதுல உக்காந்தா ஆபீஸ் ஞாபகம் வருது, கற்பனை ஓட மாட்டேங்குது. மடக்குக் கீபோர்டுன்னு ஒண்ணு இருக்கு. ஒயர் கிடையாது. பாக்கெட்ல போட்டுக்கலாம், எங்க தோணுதோ அங்க விரிச்சு எழுதலாம்."

"எங்க தோணும்?"

அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மடக்குக் கீபோர்டுகளை மட்டும் பதினேழு வகையில் விற்கும் ஒரு கடையை அவர் போனில் கண்டுபிடித்தார். சந்தேகம் இருந்தால் விசாரணைப் பிரிவுக்கு எழுதலாம் என்று போட்டிருந்தது. எழுதலாம் என்று யாராவது சொன்னால் போதாதா. வீங்கிய கட்டைவிரல்கள் இரண்டும் களத்தில் இறங்கின.

'ஐயா, இந்தக் கீபோர்டு தட்டும்போது சத்தம் வருமா? ஏன் கேட்கிறேன் என்றால், என் மாமனார் மதியம் கடையிலிருந்து வந்து, என் அறைக்கு நேர் கீழே இரண்டு மணி நேரம் தூங்குவார். நான் நாற்காலியை நகர்த்தினாலே துடைப்பக் கட்டையால் கூரையை மூன்று முறை இடிப்பார். மூன்று என்றால் நிறுத்து என்று பொருள். நான்கு என்றால் கீழே வா...'

இப்படி ஒரு பக்கத்துக்கு மேல் போனது. பதில் பத்து நிமிடத்தில் வந்தது. விசாரணைப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். 'சத்தம் கம்மிதான் சார். நாலு தடவை இடிச்சப்ப கீழ போனீங்களா? என்ன சொன்னார்?'

மாப்பிள்ளை உருகிப்போனார். சாயங்காலம் மனைவி திரும்பியதும் காட்டினார். "பாத்தியா, வாடிக்கையாளரை எப்படி மதிக்கிறாங்க."

"கீபோர்டைப் பத்தி ஒரு வரிதானே இருக்கு?"

"மத்தது அக்கறை."

அன்றே மாமனார் என்ன சொன்னார் என்பதை இரண்டு பக்கத்துக்கு எழுதி, முடிவில் கீபோர்டின் எடை எவ்வளவு என்று கேட்டார்.

பத்து நாள், முப்பத்தொரு கேள்விக்குப் பிறகு முதல் கீபோர்டு வந்தது. மூன்றாக மடிவது. சோபாவில் சாய்ந்து, அதை மடியில் விரித்து, கண்ணை மூடி யோசித்தார். முழங்கால் லேசாக அசைந்தது. கீபோர்டு தானாக மூடிக்கொண்டு நாலு விரலைக் கவ்வியது. கீழேயிருந்து மூன்று இடி கேட்டது. அவர் போட்ட சத்தம் அப்படி.

"மேஜையில வெச்சு எழுத வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"மேஜையில எழுதறதுக்கு மடக்குக் கீபோர்டு எதுக்கு?"

அவர் திருப்பி அனுப்பினார். ஏன் திருப்பி அனுப்புகிறார் என்பதை, சோபா மாமியார் காலத்தில் வாங்கியது என்பதில் தொடங்கி, விளக்கமாக எழுதினார். 'அய்யோ பாவம் சார். சோபாவில் அந்தக் குழி எப்படி வந்தது?' என்று பதில் வந்தது. அதையும் எழுதினார்.

இரண்டாவது, இரண்டாக மட்டும் மடிகிற கெட்டியான ரகம். அது வந்தபோது அவருடைய போன் சார்ஜில் கிடந்தது. பொறுக்குமா அவருக்கு? மேஜைமேல் இருந்த மாமனார் போனோடு இணைத்து ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். மறுநாள் மாடியறையில் தன் போனை முன்னால் நிறுத்தி, வரமாட்டேன் என்று அடம்பிடித்த நாவலை ஒருவழியாக இழுத்துப் பிடித்து, வில்லன் பேசும் வசனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். கண்ணைத் திறந்தால் திரை காலியாக இருந்தது. கீபோர்டு பழைய சிநேகத்தில் மாமனார் போனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே மாமனார், பெரிய ஆர்டர் ஒன்றுக்காக பெயின்டிங் கான்ட்ராக்டரோடு செய்தியில் பேசிக்கொண்டிருந்தவர், போனை அப்படியே வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார்.

'உன் மாளிகைச் சுவரை உன் ரத்தத்தாலேயே பூசுவேன்' என்று கான்ட்ராக்டருக்குப் போயிருந்தது.

'எத்தனை கோட்டுங்க?' என்று அவர் கேட்டிருந்தார். ரத்தம் என்றது ஏதோ நிறம் என்று நினைத்திருக்கிறார், பாவம்.

'உன் குலத்தில் ஒருவரும் தப்ப மாட்டீர்கள்' என்ற அடுத்த வரிக்குப் பிறகு அவர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

துடைப்பக் கட்டை அன்றைக்கு எத்தனை முறை இடித்தது என்று யாரும் எண்ணவில்லை. மாமனாரே மேலே வந்தார். "ஆறு மாசத்துல நீங்க எழுதி முடிச்சது இந்த ரெண்டு வரிதான். அதுவும் என் வியாபாரத்தைத்தான் முடிச்சுது. முப்பதாம் தேதி ஞாபகம் இருக்கட்டும்."

'சார், கான்ட்ராக்டர் திரும்பி வந்தாரா?' என்று விசாரணைப் பிரிவு கேட்டது. இந்த உலகத்தில் தன்னை விசாரிக்க ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. நாலு பக்கம் எழுதினார்.

மூன்றாவது கீபோர்டை மிகவும் யோசித்து, சட்டைப் பாக்கெட்டில் அடங்குகிற மாதிரி சின்னதாக வாங்கினார். அது அடங்கியது. பிரமாதமாக அடங்கியது. எவ்வளவு பிரமாதம் என்றால், பாக்கெட்டில் இருப்பது அவருக்கும் தெரியவில்லை, சட்டையை வாஷிங் மெஷினில் போட்ட மனைவிக்கும் தெரியவில்லை. அன்று தேதி இருபத்தொன்பது.

"துவைச்சு, காய வெச்சு, மடிச்சு வெச்சிருக்கேன்" என்றாள் அவள். "விரிச்சா தண்ணி கொட்டுது."

முப்பதாம் தேதி காலையில் நாவலை எடுத்துப் பார்த்தார். தலைப்பையும் சேர்த்து ஒன்றரைப் பக்கம் இருந்தது. விசாரணைப் பிரிவிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'கடைசியா ஏதாவது கேக்கணுமா சார்? இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க.'

அவர் அனுப்பினார். தண்ணீர் புகுந்த கீபோர்டைச் சரிசெய்ய முடியுமா என்றுதான் ஆரம்பித்தார். அதற்குள் வேறு என்னவெல்லாமோ வந்துவிட்டது. குறை கீபோர்டில் இல்லையோ என்று பயமாக இருக்கிறது, எனக்கு எழுதவே வராதோ, அது என் மனைவிக்கு முதல் நாளே தெரியுமோ, தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறாளோ என்று, அழித்துத் திருத்தாமல், இரண்டு கட்டைவிரலாலும் பதினோரு பக்கம் அடித்தார். மணி நாலே முக்கால் ஆகியிருந்தது.

அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

ஒன்றாம் தேதி கடைக்குப் போனார். தலை சுற்றியது. ஒரு வாரத்தில் நின்றது. போட்டியின் முடிவு வந்தபோது பரிசு யாருக்கு என்று அவர் பார்க்கக்கூட இல்லை. மூன்று மாதத்தில் வெள்ளையில் மட்டும் இருபத்திரண்டு வகை சொல்லக் கற்றுக்கொண்டார்.

ஒருநாள் கண்ணாடி போட்ட இளம்பெண் ஒருத்தி கடைக்குள் வந்தாள். கையில் ஒரு பார்சல்.

"இங்க எழுத்தாளர் சார்னு..."

மாப்பிள்ளையின் கையிலிருந்த டப்பா மேஜைமேல் சாய்ந்தது. கல்லாவில் இருந்த மாமனார் தலையை நிமிர்த்தினார்.

"நான்தான்" என்றார் மாப்பிள்ளை. "நான்தான் எழுத்தாளர்."

"நான் விசாரணைப் பிரிவு சார். இல்ல, இப்ப அந்த வேலையை விட்டுட்டேன்." பார்சலை அவர் முன்னால் வைத்தாள். "புது மாடல் மடக்குக் கீபோர்டு. உங்களுக்கு என் அன்பளிப்பு."

"எனக்கெதுக்கும்மா? நான்தான் எழுதறதையே நிறுத்திட்டேனே."

அவள் முகம் வாடிவிட்டது.

"அப்படிச் சொல்லாதீங்க சார், நீங்க கேட்ட நூத்திப் பதினாலு கேள்வியையும் வரிசையா அடுக்கி அனுப்பித்தான் நீங்க சொன்ன அந்த நாவல் போட்டியில நான் முதல் பரிசு வாங்கினேன், இப்ப ரெண்டாம் பாகம் கேக்குறாங்க, இந்தக் கீபோர்டுல ஏதாவது குறை இருந்தா கொஞ்சம் விரிவா எழுதி அனுப்புங்க."