முள்ளம்பன்றி வேய்ந்த கூரை

ஒரு காட்டில், மழை வந்தால் வெளியே போய் நிற்பதே மேல் என்று தோன்றும்படியான ஒரு வளையில், ஒரு முள்ளம்பன்றி வாடகைக்குக் குடியிருந்தது. வளையின் உரிமையாளர் ஒரு முயல். உடம்பெல்லாம் முள் உள்ள பிராணி, உடம்பெல்லாம் பஞ்சு உள்ள பிராணிக்குப் பயப்படுவது எப்படி என்று கேட்காதீர்கள். முள்ளம்பன்றிக்கே அது விளங்கவில்லை. பல நாள் யோசித்து, இது பயமில்லை, பண்பு என்ற முடிவுக்கு வந்திருந்தது.

கூரை மூன்று இடங்களில் ஒழுகியது. குட்டி பிறந்து இருபது நாள்தான் ஆகிறது. ஈரத்திலேயே கிடந்து அதற்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

“இன்னைக்கு வாடகை கொடுக்கப் போறப்போ கேட்டுட்டு வாங்க,” என்றது மனைவி. “கூரையைச் சரி பண்ணச் சொல்லுங்க. முடியாதுன்னா இத்தனை மாசம் நனைஞ்சதுக்கு இழப்பீடு கொடுக்கட்டும்.”

முள்ளம்பன்றி வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனது. சீக்கிரமே திரும்பி வந்தது.

“கேட்டீங்களா?”

“சூசகமா சொன்னேன்.”

“என்னன்னு?”

“இந்த வருஷம் மழை கொஞ்சம் ஜாஸ்தின்னு.”

“அதுக்கு அவரு?”

“ஆமான்னாரு. நியாயமான மனுஷன், உடனே ஒத்துக்கிட்டாரு.”

மறுநாள் மனைவியே கணவனைக் குடியிருப்பு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அரை நாள் வரிசையில் நின்று படிவம் வாங்கினார்கள். ‘உரிமையாளரால் மனுதாரருக்கு நேர்ந்த துன்பம்’ என்ற இடத்தில் முள்ளம்பன்றி ‘அப்படிப் பெரிதாக ஒன்றுமில்லை’ என்று எழுதியது. மனைவி அதை அடித்துவிட்டு, உண்மையை எழுதியது.

அதிகாரி ஒரு நாரை. படிவத்தை ஒற்றைக் காலில் நின்று படித்தது.

“வியாழக்கிழமை நேர்ல வந்து பார்ப்பேன். ஒழுகினா ஆறு மாச வாடகை உங்களுக்குத் திரும்பி வரும். அதை வெச்சு நல்ல வீடா பார்த்துப் போயிடுங்க. குட்டிக்கும் நல்லது.”

புதன்கிழமை மனைவி குட்டியைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போயிருந்தது. தனியாக இருந்த முள்ளம்பன்றி வீட்டைச் சுற்றிப் பார்த்தது. ஒரே சேறு. மூலைக்கு ஒரு சட்டி. நாளைக்கு ஒரு அதிகாரி முதல் முறையாக வீட்டுக்கு வருகிறார். வந்தவர் தலையில் சொட்டினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?

முதலில் பெருக்கத்தான் செய்தது. பிறகு கூரை ஓட்டையில் கொஞ்சம் களிமண் அப்பியது. மண் நிற்கவில்லை. நிறுத்த ஏதாவது வேண்டுமே என்று தேடி, கடைசியில் தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக் குத்தியது. வலித்தது. ஆனால் மண் நின்றது. அடுத்த முள்ளைப் பிடுங்கியது.

சாயங்காலம் மனைவி வந்தபோது வாசலில் கோலம். கூரை கச்சிதமாக இருந்தது. கூரைக்குக் கீழே ஒரு பெரிய எலி மாதிரி கணவன் நின்றிருந்தது.

“நாளைக்கு அவரு எதைப் பார்க்க வர்றாரு, தெரியுமா?”

“வீட்டைத்தானே?”

மனைவி குட்டியை உள்ளே கொண்டுபோய்க் கிடத்தியது.

வியாழக்கிழமை கொட்டும் மழையில் நாரையும் முயலும் வந்தார்கள். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

“சார், நேத்து வரைக்கும் ஒழுகிச்சு,” என்றது மனைவி. “சந்தேகமா இருந்தா ஒரு முள்ளைப் பிடுங்கிப் பாருங்க.”

நாரை அலகைத் தூக்கியது. முள்ளம்பன்றி பதறிக் குறுக்கே பாய்ந்தது.

“வேணாம் சார்! நனைஞ்சிடுவீங்க.”

‘கூரை ஒழுகவில்லை. மனுதாரர் ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று நாரை எழுதியது. பிறகு அண்ணாந்து பார்த்தது. “இதென்ன, கூரை பூரா ஆணி மாதிரி அடிச்சிருக்கு?”

முயல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. “ஆணியா! குடிவந்த அன்னைக்கே சொன்னேனே தம்பி, காலண்டர் மாட்டக்கூட ஆணி அடிக்கக் கூடாதுன்னு!”

நாரை எண்ணியது. நூற்று எண்பத்தாறு. அனுமதி இல்லாமல் அடித்ததற்கு இழப்பீடாக, முட்கள் அத்தனையும் வீட்டோடு சேரும் என்றும், குடியிருப்பவர் பத்து நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் உத்தரவானது.

“நல்லதாப் போச்சு,” என்றது முயல். “என் பொண்ணு பிரசவத்துக்கு வர்றா. வீடும் இப்போ நல்லா இருக்கு.”

முள்ளம்பன்றி வாயைத் திறந்தது. மனைவி ஆசையோடு நிமிர்ந்து பார்த்தது.

“பொண்ணுக்கு இது எத்தனையாவது மாசம் சார்?”

அன்றைக்கே மனைவி குட்டியோடு தாய்வீட்டுக்குக் கிளம்பியது. அங்கே கூரை ஒழுகாது. “நல்ல வீடு கிடைச்சா சொல்லி அனுப்புங்க. இல்லேன்னா நீங்க மட்டும் நனைங்க.”

முயல் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது: “அந்த மாதிரி தங்கமான குடித்தனக்காரர் கிடைக்க மாட்டாரு.” ஒரே வாரத்தில், காட்டில் இடிந்த வளை வைத்திருந்த உரிமையாளர்கள் அத்தனை பேரும் முள்ளம்பன்றியைத் தேடி வந்து வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றது ஒரு நரி. அதன் வளைக்குப் பாதிக் கூரைதான். நரி முள்ளம்பன்றியின் முதுகைத் தடவிப் பார்த்தது.

“இது மறுபடி முளைக்குமா தம்பி?”

“மூணு மாசத்துல முளைச்சிடும் சார்,” என்றது முள்ளம்பன்றி. “அதுவரைக்கும் நீங்க கொஞ்சம் பொறுத்துக்கணும்.”

நீதி: ஒழுகும் வீட்டில் நனையாமல் இருப்பது நல்லவர் என்ற பெயர் ஒன்றுதான். குளிருக்கு அதையே போர்த்திக்கொள்ளவும்.