சின்ச் என்கிற சொல்லும் கனேலாவின் வயிறும்

சொல்லைக் கண்டால் அதன் ஊர் என்ன, பேர் என்ன, அப்பன் யார், பாட்டன் யார் என்று பெண் கேட்டு வந்தவர் மாதிரி விசாரிக்காமல் விடாத ஒரு ரகம் உண்டு. இந்த ரகத்துக்கு நான் 'சொல்மூலர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஒருவரையாவது தெரிந்திருக்கும். கொசு கடித்தால் நாமெல்லாம் அடிப்போம். சொல்மூலர் அடிக்க மாட்டார். "மஸ்கிட்டோன்னா ஸ்பானிஷ்ல சின்ன ஈன்னு அர்த்தம், தெரியுமோ?" என்பார். அதற்குள் கொசு வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போயிருக்கும்.

எங்கள் நியூ மெக்சிகோவில் இவர்களுக்குத் தீனிக்குப் பஞ்சமில்லை. ஸ்பானிஷ்காரர்கள் குதிரையையும் மாட்டையும் கொண்டுவந்தபோது அவற்றுக்கான சொற்களையும் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த இங்கிலீஷ்காரர்கள் மாட்டை விலை கொடுத்து வாங்கினார்களோ என்னவோ, சொற்களைக் கேட்காமலே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் ஊர்ச் சொல்மூலர் ஓட்டிஸ் கிரேடி. ஒஹாயோவில் இன்சூரன்ஸ் விற்று ஓய்வு பெற்று, ஒன்பது வருஷத்துக்கு முன் இங்கே வந்தவர்; வீடு வாங்குவதற்கு முன்பே கௌபாய் தொப்பி வாங்கியவர். என் தீவனக் கடைக்கு வந்தால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டுவார், ஒரு புருவத்தை உயர்த்துவார், "இந்தச் சொல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க?" என்பார். கேள்வி என்று நினைத்துப் பதில் சொல்லிவிடாதீர்கள். தப்பாகச் சொன்னால் சந்தோஷப்படுவார். சரியாகச் சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். "அது பொதுவா ஜனங்க சொல்றது. உண்மையில பார்த்தா..." என்று லத்தீனுக்கு ஓடுவார்.

யாரிடம் இதையெல்லாம் சொல்வார் என்கிறீர்கள்? டெல்ஃபினா ஆர்ச்சுலேட்டாவிடம். முன்னூறு வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கில் ஸ்பானிஷ் பேசி மாடு மேய்க்கிற குடும்பம் அது. அந்த அம்மாளுக்கே ஸ்பானிஷ் சொல்லுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுப்பார். கொல்லன் தெருவில் ஊசி விற்றாலும் பரவாயில்லை, இவர் ஊசி எப்படிப் பிறந்தது என்று கொல்லனுக்கே விளக்குவார்!

ஆனால் மனுஷருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அக்டோபரில், பனி விழுமுன், மலை மேய்ச்சலிலிருந்து மாடுகளை இறக்குவார்கள். மூன்று நாள் குதிரைமேல். ஒன்பது வருஷமாக ஓட்டிஸை யாரும் கூப்பிட்டதில்லை. அவர்கள் கிளம்பும் காலையில் என் கடை ஜன்னலோரம் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அன்று மட்டும் எந்தச் சொல்லுக்கும் அப்பன் பேர் சொல்ல மாட்டார். பாவமாகத்தான் இருக்கும்.

இந்த வருஷம் டெல்ஃபினாவின் தம்பி எலோய் காலை ஒடித்துக்கொண்டான். ஓர் ஆள் குறைந்தது. ஓட்டிஸ் என் கடையிலேயே அந்த அம்மாளை மடக்கினார்.

"நான் வரேன், டெல்ஃபினா."

"குதிரை ஏறுவீங்களா?"

"ஏறுவீங்களாவா? சின்ச்!"

இங்கே ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். நாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி என்கிறோமே, அது.

"அப்ப நாளைக்குக் காலைல வாங்க. நீங்களே கனேலாவுக்குச் சேணம் போடுங்க. ஆத்துவரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டா கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா பக்கத்துப் பண்ணையில ஆள் சொல்லி வச்சிருக்கேன்."

கனேலா டெல்ஃபினாவின் பெட்டைக் குதிரை. வயது பதினாலு, கள்ளத்தனம் நாற்பது. சேண வாரை இறுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். கட்டி முடித்ததும் காற்றை விட்டுவிடும். வார் தொளதொள. அதற்குப் பரிகாரம் இங்கே பால் பல் விழாத பிள்ளைக்கும் தெரியும்: இறுக்கு, பத்தடி நடத்து, மறுபடி இறுக்கு.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். போகாமல் இருக்க முடியுமா? எலோய் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான். ஓட்டிஸ் கம்பளியை விரித்தார், சேணத்தைத் தூக்கி வைத்தார், வாரை இழுத்துக் கட்டினார். எல்லாம் சரி. கனேலாவின் வயிறு மத்தளமாக நின்றது. அடுத்தது பத்தடி நடத்த வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் கையில் இருந்தது அந்த வார். அதற்கு ஒரு பெயர் உண்டு. பெயருக்கு ஒரு ஊர் உண்டு. சொல்மூலரால் சும்மா இருக்க முடியுமா?

"இதுக்குப் பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க?"

"எங்க வீட்லேர்ந்து," என்றார் டெல்ஃபினா. "நாங்க சின்ச்சான்னு சொல்வோம். குதிரைய நடத்துங்க."

"கரெக்ட்! ஆனா அதுக்கும் முன்னால, லத்தீன்ல..."

லத்தீனில் அது இடுப்புக் கச்சையாக இருந்ததாம். ஸ்பானிஷ்காரன் அதைக் குதிரைக்குக் கட்டினானாம். இங்கிலீஷ்காரன் வாரையும் எடுத்துக்கொண்டு பேரையும் 'சின்ச்' என்று நறுக்கிக்கொண்டானாம். இறுக்கிக் கட்டியது அசையாது என்பதால் 'கெட்டிப் பிடி' என்று ஆகி, கெட்டிப் பிடி 'நிச்சயம் நடக்கும்' என்று ஆகி, நிச்சயம் நடப்பது 'ரொம்பச் சுலபம்' என்று ஆகிவிட்டதாம். இவர் ஒவ்வொரு நூற்றாண்டாக இறங்கி வர, கனேலா கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை விட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, விட்டுட்டா," என்றான் எலோய். "வாத்தியாரே! இன்னொரு தடவ இறுக்குங்க!"

"ஒரு நிமிஷம்ப்பா, முக்கியமான எடத்துல இருக்கேன்." இடது காலை அங்கவடியில் வைத்து, ஒரு விரலை உயர்த்திக்கொண்டே எழும்பினார். "ஆகவே, நழுவவே நழுவாதுங்கிறதுதான் இதோட..."

சேணம் அவசரமே இல்லாமல், மரியாதையாகச் சுழன்று குதிரையின் வயிற்றுப் பக்கம் போயிற்று. ஓட்டிஸும் கூடவே போனார். தண்ணீர்த் தொட்டியோரச் சேற்றில் மல்லாந்து கிடந்தார். அடி ஒன்றுமில்லை. தொப்பி தொட்டிக்குள் மிதந்தது.

எலோய் வாளியோடு சாய்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன், மறைப்பானேன்? ஓட்டிஸ் சிரிக்கவில்லை. ஒன்பது வருஷத்து ஆசை சேற்றில் போயிற்றே. மெல்ல எழுந்து, கனேலாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இவ என்ன பண்ணா?"

பதில் தெரியாமல் ஓட்டிஸ் கேட்ட முதல் கேள்வி அது. டெல்ஃபினா அவரை ஒரு கணம் பார்த்தார்.

"மூச்ச அடக்கினா. நீங்க பேசினீங்க. மூச்ச விட்டா."

"எனக்குக் காட்டுங்க."

காட்டினார். ஓட்டிஸ் கட்டினார், பத்தடி நடத்தினார், மறுபடி இறுக்கினார், வாயைத் திறக்காமல் ஆறுவரை போய்த் திரும்பி வந்தார்.

"சரி, வாங்க," என்றார் டெல்ஃபினா. "மலைமேல லத்தீன் பேசினீங்கன்னா அங்கேயே விட்டுட்டு வந்துருவேன்."

நாலாம் நாள் புழுதியும் புன்னகையுமாகக் கனேலாமேல் ஏறி என் கடைக்கு வந்தார். மேஜையை இரண்டு தட்டுத் தட்டினார். "ரோடியோன்னு சொல்றாங்களே..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, வெளியே போய்க் கனேலாவின் வாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 'கேட்டமரான்' என்கிற இங்கிலீஷ் சொல் கட்டுமரத்திலிருந்து வந்தது என்று நீங்கள் இதுவரை யாரையும் மடக்கிச் சொன்னதே இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். இன்றைக்கு வீட்டில், "சின்ச்னு ஒரு சொல் இருக்கே, அது எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா?" என்று நீங்கள் ஆரம்பிக்கத்தான் போகிறீர்கள். தாராளமாக ஆரம்பியுங்கள். அதற்கு முன்னால், அடுப்பில் பால் வைத்திருக்கிறதா என்று மட்டும் எட்டிப் பார்த்துவிடுங்கள்.