மச்சினனுக்குப் பயந்து பாலைவனம் போனேன்

ரிட்டயரானால் மனிதன் பாலைவனத்தில்தான் வாழ வேண்டும். இது நான் எடுத்த முடிவு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, கப்பல் கப்பலாகச் சரக்கு இறக்கிய இக்னேஷியஸ் எடுத்த முடிவு. லேசில் அசையாது.

ஏன் என்று கேட்டவர்களிடம் ராயபுரத்தில் எல்லாம் துருப்பிடிக்கிறது என்றேன். கட்டில் துருப்பிடிக்கிறது, பீரோ துருப்பிடிக்கிறது, என் முழங்கால்கூடக் கிறீச்சிடுகிறது. ராஜஸ்தானில் உப்புக்காற்று கிடையாது, டிரெய்லர் லாரி ஹாரன் கிடையாது. இதெல்லாம் ஊருக்குச் சொன்ன காரணம்.

உண்மைக் காரணம் சைமன். என் மனைவி சாராவின் தம்பி. காசிமேட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, எங்கள் வீட்டில் காலியாக இருந்த மாடி அறை மேலேயே கண்ணாக இருந்தான். அவன் ஓர் ஆலோசனை மன்னன். கிரேனை எப்படி ஓட்டுவது என்று எனக்கே சொல்லிக் கொடுத்தவன். வேலையில் இருந்தவரை டியூட்டி என்று தப்பித்தேன். இனி நாள் முழுக்க அவன் என் தலைக்கு மேலேயே குடியிருந்தால் நான் என்ன ஆவேன்? வீட்டை விற்றுவிட்டு, அவன் வர முடியாத தூரத்துக்கு ஓட வேண்டியதுதான்.

“சாரா, ராஜஸ்தான் போயி செட்டில் ஆயிடலாமா?”

“போலாமே.”

“ஜெய்சால்மரு. எங்க பாத்தாலும் மணலு.”

“நல்லதாப் போச்சி. துணி சீக்கிரம் காயும்.”

“வேற ஒண்ணும் கேக்கலியா நீ?”

“இன்னாத்த கேக்கறது? நீ ஒரு முடிவு எடுத்தா அதுல ஞாயம் இல்லாமலா இருக்கும்? மொதல்ல ஒரு மாசம் வாடகைக்கு இருந்து பாக்கலாம். புடிச்சிதுன்னா வூட்ட வித்துடலாம்.”

என் முடிவில் நியாயம் இருப்பதாகக் கல்யாணமாகி இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ புல்லரித்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிளம்பினோம். பாலைவனம் என்றால் வெயில்தானே என்று பெட்டி நிறையப் பனியன் அடுக்கினேன். ஜனவரியில் பாலைவனம் ஐஸ் பெட்டி என்று ஒரு பாவியும் எனக்குச் சொல்லவில்லை. சாரா மட்டும் ஸ்வெட்டரோடு இறங்கினாள். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு பாலைவனத்தை ஜன்னல் வழியாகவே பார்த்தேன்.

மாடி போர்ஷன் எங்களுக்கு. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். வெங்காயத்தைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பும் சைவம். சாரா கல்யாணத்துக்கு முன்னால் சவுகார்பேட்டை சேட்டு துணிக்கடையில் வேலை பார்த்தவள். வந்த அன்று சாயங்காலமே வீட்டுக்கார அம்மாளோடு இந்தியில் வெளுத்து வாங்கினாள். எனக்குத் தெரிந்த ஒரே இந்தி ‘அச்சா’. சாப்பாடு வேறு கீழேயிருந்து வந்தது. உருண்டையாக ஒரு ரொட்டி. பாட்டி என்று பெயர், ஆனால் தாத்தாவால் கடிக்க முடியாது.

“இன்னா காத்து! இன்னா சுத்தம்!” என்பாள் சாரா தினமும். “இனிமே ராயபுரம் பக்கமே தல வெச்சிப் படுக்கக் கூடாதுங்க.”

நான் ‘அச்சா’ என்பேன். வேறென்ன சொல்ல? ஊரைத் தேர்ந்தெடுத்தவன் நானாயிற்றே.

ஒரு வாரத்துக்குள் என் நாக்கு போராட்டத்தில் இறங்கிவிட்டது.

“சாரா, ஒரே ஒரு துண்டு மீனு...”

“மீனா? வாசல்ல ஒட்டகம் நின்னுகினு கீது, வேணுமா?”

“வாயி செத்துப் போச்சிம்மா.”

சாரா பெருமூச்சு விட்டாள். பெட்டியின் அடியில் கைவிட்டு, கவர் மேல் கவராகச் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நெத்திலிக் கருவாடு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவளல்லவோ பெண்டாட்டி!

“வேணாங்க. வாசன கீழ போச்சின்னா பேஜாராயிடும்.”

“ஜன்னல சாத்திக்கினு வறு. நான் பாத்துக்கறேன்.”

“நீ சொல்லித்தான் வறுக்கறேன். அப்பறம் என்னியக் கொற சொல்லக் கூடாது.”

ராயபுரத்தில் கருவாடு வறுத்தால் பக்கத்து வீட்டில் சோறு கேட்பார்கள். ஜெய்சால்மரில் தெருவே வெளியே வந்து நின்றது. வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் கதவைத் தட்டினார். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார். நான் ‘அச்சா’ என்றேன். இன்னும் கோபமாகப் பேசினார். சாரா மெல்லிய குரலில் ஏதோ சொன்னதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

“இன்னா சொன்ன?”

“எங்கூட்டுக்காரருக்கு இது இல்லாட்டி உசுரு தங்காதுன்னு சொன்னேன். ‘அப்போ உசுரு தங்குற ஊருக்கே நாளிக்கு கூட்டிக்கினு போம்மா’ன்றாரு.”

“அய்யோ!”

“நீ இன்னாத்துக்கு பயப்படற? வேற வூடு பாக்கலாம். எனக்கு இந்த ஊரு ரொம்பப் புடிச்சிப் போச்சி. நீ கருவாட்ட மட்டும் வுட்டுட்டா போதும்.”

வாணலியில் மிச்சமிருந்த நெத்திலியைப் பார்த்தேன். வெளியே மணலைப் பார்த்தேன்.

“நம்ம வூட்டுக்கே போயிடலாம் சாரா.”

“இது நீயா சொல்றது. இனிமே வூட்ட விக்கறேன், கீட்ட விக்கறேன்னு பேச்செடுக்கக் கூடாது. ராயப்பர் மேல சத்தியமா?”

ராயபுரத்துப் புனித ராயப்பர் கோயிலிலேயே ஞானஸ்நானம் வாங்கியவன் நான். ராயப்பரை இழுத்தால் என்ன செய்ய முடியும்? சத்தியம் செய்தேன்.

ராயபுரத்தில் ஆட்டோ எங்கள் வாசலில் நின்றது. எங்கள் மாடியில் புதுத் திரைச்சீலை. கொடியில் யாருடைய லுங்கியோ ஆடுகிறது. உள்ளேயிருந்து மீன் குழம்பு வாசனை.

“மாடில யாரு சாரா?”

“தம்பிதான். வூடு பூட்டிக் கெடந்தா நல்லா இருக்காதேன்னு காவலுக்கு வெச்சிட்டு வந்தேன்.”

“நாமதான் வந்துட்டமே! அவன் வூட்டுக்கு அவன் போவட்டும்.”

“நாம ரயிலு ஏறின அன்னிக்கே அவன் அந்த வூட்ட காலி பண்ணிட்டானேங்க. பாவம், எங்க போவான்?”

அதற்குள் சைமன் படியிறங்கி ஓடி வந்தான். என் கையிலிருந்த பெட்டியை வாங்கினான். என் வீட்டுக் கதவை எனக்காக அகலத் திறந்துவிட்டு, அன்பாகக் கேட்டான்:

“வாங்க மாமா, வாங்க! எத்தினி நாளு தங்குவீங்க?”